பாவம், காயிலைச் சந்தேகப்பட்டேன்

வேப் கருவியின் (மின்சிகரெட்) திரையில் ஓம் எண், அதாவது காயிலின் மின்தடை, ஒரு இடத்தில் நிற்கவில்லை. திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் அந்தக் காயிலில் 0.4 என்று அச்சிட்டிருக்கிறது, திரையோ 0.4, 0.52, மறுபடி 0.45 என்று தாவியது. இழுத்தால் ஒருமுறை சூடான ஆவி, அடுத்தமுறை வெறும் காற்று.

முதலில் காயிலை மாற்றினேன். வீண் செலவு. அப்புறம்தான் புத்தி வந்து, காயிலும் திரவமும் இருக்கும் அதே டேங்கை இன்னொரு கருவியில் மாட்டினேன். எண் அசையவில்லை. ஆக, கோளாறு கருவியில்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு (இதை மறக்கவே கூடாது) டேங்க் திருகும் 510 இணைப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் பின், அழுத்தி விட்டால் ஸ்பிரிங்கில் மேலே எழும்ப வேண்டும். இது அமுங்கியபடியே கிடந்தது. சுற்றிலும் காய்ந்த திரவம், வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் நாலைந்து முறை துடைத்ததும் பின் டக்கென்று எழும்பியது. நன்றாகக் காயவிட்டேன்.

திரவம் அங்கே எப்படி வந்தது? டேங்கின் அடி ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. அதையும் மாற்றினேன்.

இப்போது எண் 0.4-லேயே நிற்கிறது. 40 வாட்டில் வைத்தால் கணக்குப்படி 4 வோல்ட், 10 ஆம்பியர். திரையும் கிட்டத்தட்ட அதையே காட்டுகிறது. கையோடு 18650 அளவு பேட்டரியின் உறையையும் பார்த்தேன். கிழிசல் இல்லை. இருந்திருந்தால் ஷார்ட் ஆகும் ஆபத்து, அதைத் திரும்ப உள்ளே போட்டிருக்கமாட்டேன்.