பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது எக்ஸாஸ்ட்: அளந்த பிறகு ஆர்டர் செய்யுங்கள்

புது எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகையை வெளியேற்றும் பைப்பும் சைலன்சரும்) தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "சத்தம் எப்படி இருக்கும்?" என்றுதான். ஆசை நியாயமானது. ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஐம்பது அறுபது வருடம் ஓடிய காரின் அடிப்பாகம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது அபூர்வம். இடையில் யாரோ மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துப் பைப்புக்கு அனுப்பும் பாகம்) மாற்றியிருப்பார்கள், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் அமுங்கியிருக்கும், ஒரு பிராக்கெட் கழன்று விழுந்திருக்கும். மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்கிய பைப்பை ஏற்றும்போது ஆக்ஸிலில் இடிக்கும், அல்லது பிளாஞ்ச் (பைப் முனையில் போல்ட் போடும் தகடு) ஓட்டை பொருந்தாது. காரில் இப்போது என்ன இருக்கிறது, பைப் என்ன அளவு, எந்த உலோகம், எந்த வகை சைலன்சர் என்று இந்த வரிசையில் போனால் சத்தமும் ஒழுங்காக அமையும்.

படி 1: காரை அடையாளம் காணுங்கள்

தயாரிப்பு வருடம் மட்டும் போதாது. சேசிஸ் எண், எஞ்சின் எண், ஸ்டீயரிங் எந்தப் பக்கம், எந்த கார்புரேட்டர், எந்த மேனிஃபோல்டு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை அதே பெயரில் வந்த கார். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது காரின் உயரத்தையும் கூட்டினார்கள். 1975 முதல் அமெரிக்காவுக்குப் போன கார்களில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களுக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் வந்தது, மேனிஃபோல்டும் மாறியது. அதனால் "எம்ஜிபி" என்று மட்டும் சொல்லி வாங்கும் முன்பைப் (மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் முதல் பைப்) உங்கள் எஞ்சினில் உட்காரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஸ்டீயரிங் பக்கம் மாறினாலும் இதே கதைதான்; பல கார்களில் முன்பைப் ஸ்டீயரிங் தண்டை ஒட்டியே இறங்குகிறது.

காற்றால் குளிரும் எஞ்சின் உள்ள பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் எக்ஸாஸ்ட் பைப்பைச் சுற்றியுள்ள உறை வழியாகத்தான் கேபினுக்கு வெப்பக் காற்று போகிறது. அந்தப் பாகத்தைக் கழற்றி ரேசிங் ஹெடர் (குழாய்களால் ஆன மேனிஃபோல்டு) போட்டால் ஹீட்டர் போய்விடும். உறைக்குள் இருக்கும் பைப் ஓட்டையானால் புகை நேராக உள்ளே வரும். அந்தப் பாகத்தைத் தட்டிப் பார்க்காமல் பின்சைலன்சரை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

தொழிற்சாலையிலேயே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) வைத்து வந்த கார் என்றால் அதைக் கழற்றாதீர்கள். புகை விதி, சத்த விதி இரண்டையும் உங்கள் ஊரில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 2: அடியில் படுத்து அளங்கள்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ரேம்பில் ஏற்றுங்கள், அல்லது ஸ்டாண்டுகளைப் பின் ஆக்ஸிலுக்கு அடியில் கொடுங்கள். உடலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தால் ஆக்ஸில் கீழே தொங்கிவிடும். அந்த நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது, ஏனென்றால் சாலையில் ஆக்ஸில் அங்கே இருக்காது.

பைப்பின் வெளிவிட்டத்தை அளக்க ஒரு நூல் போதும். கம்பி பிரஷ்ஷால் துருச் செதிலைத் தேய்த்து எடுத்துவிட்டு, நூலை ஒரு சுற்றுச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 120 மி.மீ. வந்தால் ஒன்றரை அங்குல பைப். 140 என்றால் ஒன்றே முக்கால், 160 என்றால் இரண்டு, 180 என்றால் இரண்டே கால். கால் அங்குலத்துக்கு 20 மி.மீ. என்று நினைவில் வைத்தால் போதும். 150 என்று நடுவில் வந்தால் துரு இன்னும் ஒட்டியிருக்கலாம், அல்லது அது மில்லிமீட்டர் அளவிலோ இடைப்பட்ட அங்குல அளவிலோ செய்த பைப்பாக இருக்கலாம். வெர்னியரால் வேறு இடத்தில் சரிபாருங்கள்.

பிளாஞ்சில் இரண்டு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையம் அளக்க எளிய வழி உண்டு. ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த ஓட்டையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே மைய தூரம். பழைய கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) கையில் கிடைத்தால் அதை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது பத்து வரி விளக்கத்தைவிட அந்தத் தாள் உதவும்.

சைலன்சர் டப்பாவின் நீளம், அகலம், உயரம் மூன்றையும், பைப் அதில் நடுவில் நுழைகிறதா ஓரத்தில் நுழைகிறதா என்பதையும், தொங்கும் ரப்பர்கள் எங்கெங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள்.

அடுத்தது இடைவெளி. உடலுக்கும் பைப்புக்கும் குறைந்தது 25 மி.மீ. வேண்டும். பெட்ரோல் லைன், பிரேக் ஹோஸ், ஒயரிங் அருகே இன்னும் தள்ளி இருக்க வேண்டும். இடமில்லை என்றால் நடுவில் வெப்பத்தகடு. ஆக்ஸிலுக்கு மேலே பைப் போகும் கார்களில், ஆக்ஸிலுக்கும், அது மேலே வந்து முட்டி நிற்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 60 மி.மீ. இருக்கிறது என்றால், பள்ளத்தில் விழும்போது ஆக்ஸில் 60 மி.மீ. மேலே வரும், ரப்பர் அமுங்குவதால் இன்னும் கொஞ்சம் கூட. பைப் அதற்கு மேல் இருக்க வேண்டும்.

எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் இரண்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் எஞ்சின் ஆடும், அந்த ஆட்டத்தை முன்பைப் தாங்கும், சில மாதத்தில் வெல்டிங் விரிசல் விடும். மவுண்ட்டை முதலில் மாற்றிவிட்டுத்தான் எக்ஸாஸ்ட்.

படி 3: பைப் அளவைத் தீர்மானியுங்கள்

"எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் தேவை" என்று, அதாவது புகைக்குக் கொஞ்சம் தடை வேண்டும் என்று, எங்கும் சொல்வார்கள். அது சரியல்ல. எஞ்சினுக்கு வேண்டியது புகையின் வேகம். வேகமாக வெளியேறும் ஒரு சிலிண்டரின் புகை, அடுத்த சிலிண்டரில் மிச்சமிருப்பதையும் இழுத்துக்கொண்டு போக உதவுகிறது. பைப் தேவைக்கு மேல் பெரிதானால் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை மந்தமாகும். ரொம்பச் சிறிதானால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும்.

கால் அங்குலம் சின்ன வித்தியாசம் என்று நினைத்துவிட வேண்டாம். தகடு 1.5 மி.மீ. தடிமன் என்று வைத்தால், ஒன்றே முக்கால் அங்குல பைப்பின் உள்பரப்பு சுமார் 1350 சதுர மி.மீ., இரண்டு அங்குலத்துக்கு சுமார் 1800. மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. எஞ்சினில் எதையும் மாற்றவில்லை என்றால் தொழிற்சாலை அளவிலேயே இருங்கள். கேம் ஷாஃப்ட், ஹெட், கார்புரேட்டர் மாற்றியிருந்தால் கால் அங்குலம் ஏற்றலாம். அதற்கு மேல் போகத் தேவைப்படுவது ரேஸ் எஞ்சினுக்குத்தான்.

வளைவுகளைத் தடவிப் பாருங்கள். உள்ளே அச்சு வைத்து வளைத்த மாண்ட்ரல் பெண்ட் என்றால் வளைவிலும் பைப் உருண்டையாகவே இருக்கும். சாதாரணமாக அழுத்தி வளைத்ததில் உள்பக்கம் சுருக்கம் விழுந்து, வழி குறுகியிருக்கும். இரண்டு அங்குலம் என்று வாங்கிய பைப் வளைவில் அதைவிடச் சிறியதாகிவிடும்.

படி 4: எந்த உலோகம்?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எக்ஸாஸ்ட் சூடாக இருந்தால் அது ஆவியாகப் போய்விடும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தும் காரில், எஞ்சினிலிருந்து தள்ளியிருக்கும் பின்சைலன்சர் சூடேறுவதே இல்லை. ஆவி அங்கே குளிர்ந்து, அமிலம் கலந்த தண்ணீராகத் தேங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே சல்லடை. மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் காரில் சைலன்சர் சீக்கிரம் போவதற்குக் காரணம் இதுதான்.

சாதாரண மைல்டு ஸ்டீல்தான் இந்தக் கார்களில் முதலில் வந்தது. விலை குறைவு, எளிதாக வெல்டு பிடிக்கும், சத்தம் கனமாக, தொழிற்சாலைச் சத்தம் போலவே இருக்கும். வாரம்தோறும் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கும், அசல் தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கும் இது போதும். அலுமினியப் பூச்சுள்ளது அதைவிடக் கொஞ்சம் நீடிக்கும். ஆனால் வெல்டு வைத்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும்.

ஸ்டெயின்லெஸ் என்று விற்பதில் முக்கியமாக இரண்டு ரகம் உண்டு. 409 ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம். காந்தம் ஒட்டும், நாளாவட்டத்தில் மேலே பழுப்புத் துரு படியும். 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். நேரான பகுதியில் காந்தம் ஒட்டாது. வளைத்த இடத்தில் லேசாக ஒட்டினால் பயப்பட வேண்டாம், வளைக்கும்போது அப்படி ஆவதுண்டு. பெரும்பாலும் நின்றே கிடக்கும் காருக்கு 304 வாங்குங்கள்.

ஆனால் 304 சூட்டில் அதிகம் விரியும். ஒன்றரை மீட்டர் பைப் 300 டிகிரி சூடேறினால் மைல்டு ஸ்டீல் ஐந்தரை மி.மீ. நீளும், 304 கிட்டத்தட்ட 8 மி.மீ. நீளும். அந்த நீளம் எங்காவது போக வேண்டும். ரப்பர் ஹேங்கர்களும் நகர இடம் கொடுக்கும் இணைப்புகளும் இல்லாமல் இறுக்கிப் பூட்டினால் பிராக்கெட் கிழியும். மெல்லிய தகட்டில் செய்த ஸ்டெயின்லெஸ் தகர டப்பா போல் ஒலிக்கும், 1.5 மி.மீ. தடிமன் கேளுங்கள்.

படி 5: சைலன்சர்

ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் அது நேர்வழிச் சைலன்சர்: ஓட்டை போட்ட பைப், சுற்றிலும் கண்ணாடி இழை அல்லது பாறை இழை. புகை தடையின்றிப் போகும், கூர்மையான சத்தத்தை இழை விழுங்கிவிடும். ஆனால் இழை வருடக்கணக்கில் எரிந்து பறந்துவிட்டால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். வெளிச்சம் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே அறைகளும் தடுப்புகளும் இருக்கின்றன. இது அமைதியானது, கனமானது, அடிமட்ட அதிர்வை நன்றாகக் குறைக்கும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் 2500 முதல் 3000 ஆர்பிஎம் வரை ஓடும்போது விநாடிக்கு 83 முதல் 100 முறை புகை வெடித்து வெளியேறுகிறது. கேபினுக்குள் "ஹூம்" என்று காதை அடைக்கும் அதிர்வு இந்த எல்லையில்தான் வரும். நெடுஞ்சாலையில் நீங்கள் போகும் வேகமும் இதுவே. பின்சைலன்சரை மட்டும் நேர்வழியாக்கி, நடுச்சைலன்சரைத் தூக்கிவிடுகிறவர்கள் முதல் நாள் மகிழ்வார்கள், முதல் நீண்ட பயணத்தில் வருந்துவார்கள். நடுச்சைலன்சரை விடாதீர்கள்.

டெயில் பைப் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓடும் காரின் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்பும். கூரை திறந்த கார்களில் அது நேராகச் சீட்டுக்கே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

படி 6: மேனிஃபோல்டை மாற்றலாமா?

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் இல்லாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஹெடர் கொஞ்சம் சக்தி தரும். கூடவே கார்புரேட்டர் பக்கம் சூட்டையும் தள்ளும். சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் கொதித்திருக்கலாம். ஹெடர் போட்டே ஆக வேண்டும் என்றால் செராமிக் பூச்சுள்ளதாக வாங்குங்கள். துணிப்பட்டை சுற்றினால் ஈரத்தைப் பிடித்துவைத்து மைல்டு ஸ்டீலைத் தின்றுவிடும்.

படி 7: பொருட்கள் வந்ததும்

பழையதைக் கழற்றும் முந்தின நாளே ஸ்டட்களில் (பதிந்து நிற்கும் மரைக் கம்பிகள்) துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். கழற்றியதும் பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைவுகள் ஒத்துப்போகவில்லை என்றால் காரில் ஏற்றாமலே திருப்பி அனுப்பிவிடலாம். கீறல் விழுந்த பிறகு யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கேஸ்கெட், ரப்பர் ஹேங்கர், கிளாம்ப் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். மேனிஃபோல்டு இணைப்புக்குப் பித்தளை நட் வாங்குங்கள், அடுத்த முறை கழன்று வரும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் போட்டால் மரை ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும்; போட்டே ஆக வேண்டும் என்றால் ஆன்ட்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். யூ-போல்ட் கிளாம்ப் பைப்பை நசுக்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது. பட்டை கிளாம்ப்தான் நல்லது.

படி 8: ஏற்றுவது

முன்னாலிருந்து பின்னால் வரை எல்லாவற்றையும் தளர்வாகக் கோத்துத் தொங்கவிடுங்கள். எந்த நட்டையும் முழுதாக முடுக்க வேண்டாம். பைப்கள் ஒன்றுக்குள் ஒன்று 40 முதல் 50 மி.மீ. நுழைந்திருக்கட்டும். சைலன்சர் நேராக இருக்கிறதா, இடைவெளி எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிச் சரிசெய்த பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டே பின்னால் வாருங்கள். பின்னாலிருந்து தொடங்கினால் கோணல் எல்லாம் மேனிஃபோல்டு ஸ்டட்டில் வந்து சேரும், ஸ்டட் உடையும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் கை ரேகை முழுவதையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் அந்த ஐந்து விரலும் பைப்பில் பழுப்பாகச் சுட்டுப் பதிந்துவிடும்.

படி 9: ஸ்டார்ட் செய்து சோதனை

திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம், உற்பத்தியின்போது பைப்பில் ஒட்டிய எண்ணெய் எரிந்து புகை வரும், அது இயல்பு. பைப் சூடாகும் முன், கனமான துணியைக் கையில் சுற்றி டெயில் பைப்பை ஓரிரு விநாடி அடைத்துக் கேளுங்கள். "உஸ்" என்று எங்கே கேட்கிறதோ அங்கே கசிவு. குளிரில் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விடும்போது "பட் பட்" என்று வெடித்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது, அல்லது கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது.

தடை குறைந்த எக்ஸாஸ்ட் போட்டால் கார்புரேட்டர் காருக்குக் கலவை மெலிவாகலாம், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறையலாம். அரை மணி ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் மெலிவு. எஸ்யூ கார்புரேட்டர் என்றால் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை மாற்ற வேண்டி வரலாம். அப்படியே விட்டால் வால்வு கருகும். புது முன்பைப்பில் எம்18 மரையுள்ள ஆக்சிஜன் சென்சார் நட் ஒன்றை, பைப்பின் மேல்பாதியில் இருக்குமாறு, ஏற்றும் முன்பே வெல்டு வைத்துக்கொண்டால் கலவையை மீட்டர் போட்டே பார்க்கலாம். கீழ்ப்பாதியில் வைத்தால் தண்ணீர் தேங்கிச் சென்சார் கெடும்.

முதல் சூடு ஆறியதும் எல்லா நட்களையும் மறுபடி முடுக்குங்கள். சுமார் 150 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை அடியில் போய்ப் பாருங்கள். பைப் எங்காவது உரசியிருந்தால் அந்த இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். ஹேங்கரைக் கொஞ்சம் நகர்த்தினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.