மீயொலி நாசிலில் நீராவி துளியாவதைக் கணினியில் கணிக்கும் முறை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஈரக் காற்றினூடே தரையிறங்கும் விமானத்தின் இறக்கை மேல், ஒரு கணம் தோன்றி மறையும் வெண்மூட்டத்தைச் சிலர் கவனித்திருப்பீர்கள். காற்று விரிந்து குளிர்வதால் உண்டாகும் அதே நிகழ்வுதான் நீராவிச் சுழலியின் கடைசிக் கட்டங்களிலும், குறுகிப் பின் விரிந்து ஓட்டத்தை ஒலியைவிட வேகமாக்கும் குழாயான மீயொலி நாசிலிலும் நடைபெறுகிறது. ஆனால் அங்கே குளிர்ச்சி வினாடிக்கு லட்சக்கணக்கான கெல்வின் என்ற வேகத்தில் நிகழ்வதால், ஆவி துளியாக அவகாசமின்றித் தெவிட்டல் எல்லையை (காற்று தாங்கக்கூடிய ஆவியின் உச்ச அளவை) கடந்து வெகுதூரம் போய்விடுகிறது. கணிக்க வேண்டியது அந்தத் தாமதத்தைத்தான்.

முதலில் துளிகளை மறந்துவிட்டு, நாசிலின் குறுக்குப்பரப்பு மாற்றத்தை மட்டும் வைத்து ஒருபரிமாண உலர் ஓட்டத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பைத்தானில் எழுதும் சிறு நிரலே போதும். பினாங்கில் அன்றாடம் காணும் 30 டிகிரி செல்சியஸ், 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை எடுத்துக்கொண்டால், மாக் எண் 1 ஆகும், அதாவது ஓட்டம் ஒலிவேகத்தை எட்டும், மிகக் குறுகிய கழுத்துப் பகுதியிலேயே வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 21 டிகிரிக்கு இறங்கிவிடும். அதுவரை துளி எதுவும் உருவாகவில்லை என்று கொண்டால், ஆவியின் அழுத்தம் அவ்வெப்பநிலைக்குரிய தெவிட்டல் அழுத்தத்தைப்போல் சுமார் 13 மடங்காக இருக்கும். இந்த எண்ணைக் கையால் கணக்கிட்டுச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அடுத்தது கருவாக்க விகிதம், அதாவது ஆவியிலிருந்து புதிய துளிக்கருக்கள் பிறக்கும் வேகம். பெக்கர், டோரிங் ஆகியோர் 1935-இல் வகுத்த செவ்வியல் கோட்பாடு இன்றும் அடிப்படையாக உள்ளது; அதனுடன் துளிக்கரு சுற்றியுள்ள ஆவியைவிடச் சூடாக இருப்பதைக் கணக்கில் கொள்ளும் கான்ட்ரோவிட்ஸ் திருத்தத்தையும் சேர்க்க வேண்டும். இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. பரப்பு இழுவிசையின் மும்மடி, கருவாக்க விகிதச் சூத்திரத்தில் எதிர்க்குறியுள்ள அடுக்குக்குறிச் சார்பின் (exponential) உள்ளே அமர்ந்திருக்கிறது. அந்த அடுக்கின் மதிப்பு 30 என்றால், பரப்பு இழுவிசையை வெறும் 10 விழுக்காடு கூட்டினாலே அது 40-ஐ எட்டி, கருவாக்க விகிதம் சுமார் 20,000 மடங்கு குறைந்துவிடும். நானோமீட்டர் அளவுள்ள கருவுக்குத் தட்டையான நீர்ப்பரப்பின் மதிப்பு பொருந்துமா என்ற கேள்வியும் எஞ்சியிருக்கிறது. அதனால் இம்மதிப்பைத் திருகித் திருகிச் சோதனை வளைவோடு பொருத்துவது எளிது. எளிது என்பதாலேயே அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

துளி வளர்ச்சிக்கு, தொடக்கத்தில் துளிகள் மூலக்கூறுகளின் சராசரி இடைப்பாதையை (இரு மோதல்களுக்கு இடையே அவை கடக்கும் தூரத்தை) விடச் சிறியவை என்பதை மறவாத சூத்திரம் வேண்டும். மிகச் சிறிய துளிக்கும் பெரிய துளிக்கும் பொருந்தும்படி அமைந்த கியார்மதியின் இடைநிலைச் சூத்திரம் பொதுவாகக் கைகொடுக்கும். ஒவ்வொரு துளியையும் பின்தொடர வேண்டியதில்லை. துளிகளின் எண்ணிக்கை, ஆரங்களின் கூட்டுத்தொகை, ஆர வர்க்கங்களின் கூட்டுத்தொகை, திரவத்தின் பங்கு ஆகிய நான்கு அளவுகளை ஓட்டத்தோடு கொண்டுசெல்லும் ஹில் முறையே போதுமானது. நிறை, உந்தம், ஆற்றல் சமன்பாடுகளை ஆவியும் துளியும் சேர்ந்த கலவைக்கு எழுதினால், ஆவி துளியாகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் வெப்ப அடக்கத்தின் (enthalpy) வழியாகத் தானே உள்ளே வந்துவிடும். அதைத் தனியாகச் சேர்த்தால் இருமுறை எண்ணிவிடுவீர்கள்.

கருவாக்கம் நடக்கும் குறுகிய பகுதியில் கணிப்பு வலையின் கட்டங்களை நெருக்கமாக்கி, நேரப்படியையும் அங்கே சிறு படிகளாகப் பிரியுங்கள். துளி எண்ணிக்கை மிகப் பெரிய எண்ணாகவும் ஆர அளவுகள் மிகச் சிறியவையாகவும் இருப்பதால், எல்லாவற்றையும் ஒப்பளவாக்கிச் சேமிப்பது நலம். வெளிவரும் வெப்பம் மிகுந்தால் மீயொலி ஓட்டமே அடைபட்டு அதிர்ச்சி அலை தோன்றும். அப்போது கழுத்திலிருந்து படிப்படியாக முன்னேறும் நிலைத்தீர்வு முறை பயன்படாது, நேரத்தோடு முன்னேறும் தீர்வே வேண்டும்.

சரிபார்க்க, மூர் குழுவினர் 1973-இலும் மோசஸ், ஸ்டைன் ஆகியோர் 1978-இலும் வெளியிட்ட நாசில் அளவீடுகள் உள்ளன. வெளிவரும் வெப்பத்தால் அழுத்த வளைவில் தோன்றும் சிறு மேட்டின் இடத்தையும் உயரத்தையும் முதலில் ஒப்பிடுங்கள். கணித்த மேடு ஓட்டத்திசையில் அளவீட்டைவிடத் தள்ளி விழுந்தால் கருவாக்கம் தாமதமாகக் கணிக்கப்பட்டுள்ளது. இடம் சரியாக இருந்தும் துளி ஆரம் பொருந்தாவிட்டால் வளர்ச்சிச் சூத்திரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.