மூணாறு பழைய லாட்ஜுகளில் ஹீட் பம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாறு டவுனில் பழைய லாட்ஜுகள் பலவற்றில் குளிக்க வெந்நீர் இன்னும் கீசரிலோ கிராண்டிஸ் (ஒருவகை யூகலிப்டஸ்) விறகு போட்ட பாய்லரிலோதான் காய்கிறது. கீசர் வைத்திருப்பவர்கள் ஹீட் பம்புக்கு மாறுவது நல்ல முடிவு. 1,000 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர கீசருக்குச் சுமார் 47 யூனிட் மின்சாரம் வேண்டும். வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கும் ஹீட் பம்புக்கு, குளிர் மிதமாக இருந்தால் 16 யூனிட் போதும். அந்த அளவுக்கு அனல்மின் நிலையத்துப் புகையும் குறையும்.

ஆனால் மெஷினை மட்டும் மாற்றிவிட்டுக் கட்டிடத்தை அப்படியே விடுகிறார்களே, அதுதான் பெரிய தவறு. மாடி டேங்கிலிருந்து இறங்கும் ஜிஐ பைப்பைப் போய்ப் பாருங்கள். சுவருக்கு வெளியே வெறும் பைப்பாக ஓடும். ஆடிச் சாரலும் மார்கழிக் குளிரும் நேராக அதன்மேல்தான். கடைசி அறையில் தங்கியவர் சூடு வரும்வரை பக்கெட் பக்கெட்டாகத் திறந்துவிடுவார். புகார் வந்ததும் மேனேஜர் செட்டிங்கை 65க்கு ஏற்றுவார். சூடு கூடக் கூட கம்ப்ரஸர் அதிகம் உழைக்கும், மிச்சமான யூனிட்டெல்லாம் அங்கேயே போய்விடும். முதலில் பைப்புக்கும் டேங்குக்கும் நல்ல உறை போடுங்கள், அப்புறம் மெஷின் விலை கேளுங்கள்.

அடுத்தது அளவு. கேட்டலாக்கில் இருக்கும் திறன் பெரும்பாலும் 20 டிகிரி காற்றுக்கு உரியது. ஜனவரி விடியலில் இங்கே பூஜ்யத்தை ஒட்டிப் போகும். அப்போது காற்றின் சூட்டை இழுக்கும் காயிலில் பனி படியும், அதை உருக்கவே மெஷின் நேரம் செலவழிக்கும். 5 டிகிரியில் எவ்வளவு தரும் என்று எழுதி வாங்குங்கள். டேங்கைப் பெரிதாக வைத்து, வெயில் இருக்கும் மத்தியானத்திலேயே காய்ச்சி வைப்பது இன்னும் நல்லது.

மெஷினை ஜெனரேட்டர் ரூமுக்குள் பூட்டி வைக்காதீர்கள். விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும். மிச்சம் பிடிக்க 45 டிகிரியிலேயே நிறுத்துவதும் வேண்டாம். டேங்கில் லெஜியோனெல்லா கிருமி வளரும். வாரம் ஒருமுறையாவது 60ஐத் தாண்ட வேண்டும்.

மெஷினுக்குள் சூட்டைக் கடத்தச் சுற்றிவரும் கேஸ் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தாலே சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சர்வீஸுக்கு வருபவர் அதை வெளியே திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.