பழைய டீசல் காரில் பயோடீசல் கலவை: மைலேஜ் எவ்வளவு குறையும், அதை எப்படி அளப்பது

மெக்கானிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. "போன வருடம் வரை லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி இப்போது 14ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, டீசலில் எதையோ கலக்கிறார்கள்" என்பதுதான் அது. 16 இலிருந்து 14க்கு இறங்குவது 12.5 சதவீத வீழ்ச்சி. டேங்கில் ஒரு சொட்டு டீசல்கூட இல்லாமல் முழுக்கத் தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் பயோடீசலையே ஊற்றி ஓட்டினாலும் அவ்வளவு குறையாது. அப்படியானால் வண்டியில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது; எரிபொருளைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் நாளெல்லாம் அந்தக் கோளாறு வளர்ந்துகொண்டே போகிறது. எது கலவையால் வரும் குறைவு, எது வண்டியால் வரும் குறைவு என்று பழைய டீசல் கார் வைத்திருப்பவர் தானே பிரித்துப் பார்க்க முடியும். அதற்குத் தேவையானவை ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும்தான்.

இந்தச் சந்தேகம் பெரும்பாலும் பெட்ரோல் பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் 20 சதவீத எத்தனால் கலவை 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும் என்று நிதி ஆயோக் 2021 ஆம் ஆண்டு அறிக்கையில் சொல்லியிருந்தது. பயோடீசலின் கதை வேறு. எத்தனாலுக்கும் பெட்ரோலுக்கும் இடையிலுள்ள ஆற்றல் இடைவெளி மிகப் பெரியது. பயோடீசலுக்கும் டீசலுக்கும் இடையே அது சிறியது.

கணக்கு

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் பயோடீசலில் ஏறத்தாழ 33. பயோடீசலின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆக்சிஜனாக இருப்பதும், அந்த ஆக்சிஜன் தானாக எரிந்து வெப்பம் தராததும் இதற்குக் காரணம். அதே சமயம் பயோடீசல் டீசலைவிடக் கொஞ்சம் கனமானது என்பதால், எடைக் கணக்கில் தெரியும் இழப்பில் ஒரு பகுதி லிட்டர் கணக்கில் ஈடாகிவிடுகிறது. ஆக, பி100 எனப்படும் கலப்பில்லாத பயோடீசலில் இழப்பு சுமார் 8 சதவீதம். 20 சதவீதம் கலந்த பி20 என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.7 சதவீதம். பி10 என்றால் 0.8, பி7 என்றால் 0.6, பி5 என்றால் 0.4 சதவீதம்.

லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் காரில் 40 லிட்டர் டீசல் போட்டால் 640 கிலோமீட்டர் போகலாம். அதே 40 லிட்டர் பி20 ஆக இருந்தால் 629 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ ஒருமுறை போய்த் திரும்பும் அளவு எரிபொருளில் வித்தியாசம் 11 கிலோமீட்டர்தான்.

பழைய வண்டிகளில் இந்தக் கணக்கு எந்திர அமைப்பைப் பொறுத்துச் சற்று முன்பின்னாகும். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொது உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை) வருவதற்கு முந்தைய கார்களில் இன்ஜெக்ஷன் பம்ப் எரிபொருளைக் கன அளவால் அளந்து அனுப்புகிறது. அளவு அதேதான், அதிலுள்ள ஆற்றல் மட்டும் குறைவு. அதனால் முழு ஆக்ஸிலரேட்டரில் பிக்கப் இம்மி குறையும், ஓட்டுநர் தன்னை அறியாமல் பெடலைச் சற்றுக் கூடுதலாக அழுத்துவார். பயோடீசல் டீசலைவிட அழுந்தாத திரவம் என்பதால், பம்பிலிருந்து நீண்ட குழாய் வழியாக, எந்திரத்துக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்த அலை கொஞ்சம் முந்திப் போய்ச் சேரும். இன்ஜெக்ஷன் டைமிங், அதாவது டீசல் தெளிக்கப்படும் நேரம், சிறிது முன்னே நகரும். தேய்ந்த பம்புகளில் இன்னொன்றும் நடக்கிறது. பயோடீசல் சற்றுக் கெட்டியானது, எனவே பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சரின் ஓரமாக உள்ளுக்குள் கசிந்து வீணாகும் அளவு குறைகிறது. இவை கூடியும் கழிந்தும் 1.7 என்பதை 1 ஆக்கலாம் அல்லது 2 ஆக்கலாம், 10 ஆக்காது.

பழைய பம்ப்புக்குப் பயோடீசலால் ஒரு நன்மையும் உண்டு. 2020 ஏப்ரலில் இந்தியா முழுவதும் பி.எஸ். 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தர டீசல் வந்தபோது, கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. கந்தகத்தை நீக்கும் செயல்முறை டீசலின் இயல்பான வழுக்கும் தன்மையையும் சேர்த்தே எடுத்துவிடுவதால், எண்ணெய் நிறுவனங்கள் அதை ஈடுகட்டத் தனிச் சேர்மானம் சேர்க்கின்றன. பழைய கார்களிலுள்ள ரோட்டரி வகை இன்ஜெக்ஷன் பம்புக்கு மசகு எண்ணெய் என்று தனியாக எதுவும் கிடையாது; ஓடுகிற டீசல்தான் அதற்கு எண்ணெய். 2 சதவீதம் பயோடீசல் சேர்ந்தாலே வழுக்கும் தன்மை நன்றாகக் கூடிவிடுகிறது.

முதலில் வண்டியை அளந்துகொள்ளுங்கள்

1.7 சதவீத மாற்றத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. உங்கள் அளவையிலுள்ள பிழையே அதைவிடப் பெரியதாக இருக்கும். நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் 8 பி.எஸ்.ஐ. குறைந்தால் அதனால் மட்டும் ஏறத்தாழ 1.6 சதவீதம் மைலேஜ் போகும்; அது கிட்டத்தட்ட பி20 இன் இழப்பு. புது டயரின் பட்டன் 8 மில்லிமீட்டர் இருந்து 2 ஆகத் தேயும்போது சக்கரத்தின் ஆரம் 2 சதவீதம் சுருங்கி, ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும். பரிசோதனைக்கு நடுவில் டயர் மாற்றினால் மைலேஜ் திடீரென்று 2 சதவீதம் விழுந்ததுபோலத் தெரியும். பழி கலவையின்மேல் போய் விழும்.

ஆகவே டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை இறங்கிய லிட்டரால் வகுக்கும் டேங்குக்கு டேங்க் முறையையே கைக்கொள்ளுங்கள். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி நிற்கும் இடமும் சரிவும் அதே. நாசில் முதல் தடவை தானாக நிற்கும்போது நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டாகப் போடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏனெனில் நுரை அடங்கிய பின் அரை லிட்டர் கூடுதலாக இறங்குவது 40 லிட்டரில் 1.25 சதவீதப் பிழை. அதிகாலையில் போடுவது நல்லது. டீசல் 10 டிகிரி சூடேறினால் கன அளவில் சுமார் 0.8 சதவீதம் விரிகிறது. அதுவே பி10 இன் மொத்த இழப்புக்குச் சமம். டேங்கர் லாரி அப்போதுதான் இறக்கிவிட்டுப் போயிருந்தால் அன்று போடாதீர்கள், நிலத்தடித் தொட்டியின் அடியில் படிந்திருந்த சேறும் தண்ணீரும் கலங்கியிருக்கும். தேதி, ஓடோமீட்டர் எண், லிட்டர், ஏ.சி. போட்டீர்களா, நகரமா நெடுஞ்சாலையா என்பவற்றை அங்கேயே நின்று எழுதுங்கள். நெடுஞ்சாலையில் ஒருநாள் 20 கிலோமீட்டர் கற்களை எண்ணி ஓடோமீட்டரைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வழக்கமான டீசலில் மூன்று டேங்க், கலவையில் மூன்று, மறுபடி பழைய டீசலில் மூன்று என்று அளந்தால்தான் நம்பத்தகுந்த எண் கிடைக்கும். கடைசி மூன்றை யாரும் செய்வதில்லை, ஆனால் உண்மையைச் சொல்வது அதுதான்.

கலவைக்கு மாறும்போது

இந்தியாவில் பங்க்கில் விற்கும் டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் இருக்க ஐ.எஸ். 1460 என்ற இந்தியத் தரம் இடம் கொடுக்கிறது. 2030க்குள் 5 சதவீதத்தை எட்டுவது 2018 ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. நடைமுறையிலோ நாட்டின் சராசரி அண்மை ஆண்டுகளில் 1 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்திருக்கிறது. மலேசியாவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு 2019 முதல் பாமாயிலிலிருந்து எடுத்த பி10 தான் வழக்கமான டீசல்.

சாலையோரம் பீப்பாயில் "பயோடீசல்" என்று மலிவாக விற்பதை வாங்காதீர்கள். உண்மையான பி100 ஐ.எஸ். 15607 தரத்துக்கு உட்பட்டது. எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்து, கழுவி, உலர்த்தி எடுப்பதுதான் பயோடீசல். வடை சுட்ட எண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றுவது பயோடீசல் ஆகாது. அந்த எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டியானது, இன்ஜெக்டர் முனையில் கரியாய்ப் படியும். வாங்கிய எரிபொருளின்மேல் சந்தேகம் இருந்தால் கண்ணாடிப் புட்டியில் பாதி எரிபொருளும் பாதி தண்ணீரும் ஊற்றிப் பத்து விநாடி நன்றாகக் குலுக்கி வையுங்கள். நல்ல எரிபொருளும் தண்ணீரும் அரை மணி நேரத்தில் தெளிவான கோடாகப் பிரியும். நடுவில் மோர் போல வெள்ளைப் படலம் தங்கினால் அதில் சோப்போ கிளிசரினோ மிச்சம் இருக்கிறது. அதை டேங்கில் ஊற்ற வேண்டாம்.

பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். பதினைந்து, இருபது ஆண்டுகளாக டேங்கின் அடியிலும் குழாய்களிலும் படிந்த பிசினை அது கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். எனவே பி20க்கு மாறிய இரண்டாவது டேங்க் முடிந்ததும், வண்டி நன்றாக ஓடினாலும் டீசல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டரின் தகட்டை வெட்டி உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். புதிதில் வெளிர் மஞ்சளாக இருப்பது தார் பூசியதுபோலக் கறுத்து, விரலில் தொட்டால் நல்லெண்ணெய்க் கசடுபோல வழவழப்பாக ஒட்டும். புது ஃபில்டரில் சுத்தமான டீசலை நிரப்பி மாட்டி, கை பம்ப்பைக் கெட்டிப்படும் வரை அழுத்தி, ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை ஏர் எடுங்கள்.

அடுத்து ரப்பர். பழைய கார்களின் டீசல் ஹோஸ்களும் ஓரிங்குகளும் நைட்ரைல் ரப்பராகவோ இயற்கை ரப்பராகவோ இருக்கலாம். பயோடீசல் செறிவு கூடக்கூட அவை ஊறி மெத்தென்றாகி, பிறகு விரிசல் விடும். பி5, பி7 அளவில் இது பெரிய கவலை இல்லை. பி20க்கும் அதற்கு மேலும் போகிறவர்கள் முன்கூட்டியே பயோடீசலைத் தாங்கும் செயற்கை ரப்பரான விட்டான் வகை ஹோஸ் போட்டுவிட வேண்டும். இரண்டு மீட்டர் ஹோஸின் விலை பம்ப் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. செம்பும் பித்தளையும் பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதால் வீட்டில் சேமித்து வைக்கப் பித்தளைப் பாத்திரம் ஆகாது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் பி20 நிரப்பி வைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது காற்றோடு சேர்ந்து புளிக்கும், ஈரத்தை இழுக்கும். ஊட்டி, கொடைக்கானலில் மார்கழிக் குளிரில் பாமாயில் பயோடீசல் கூடுதலாகக் கலந்த எரிபொருள் ஃபில்டரில் மெழுகாக உறையக்கூடும். சமவெளியில் அந்தப் பிரச்சினை இல்லை.

மைலேஜ் கணக்கைத் தாண்டி விழுந்தால்

பி20 இல் 2 சதவீதத்துக்கு மேல் குறைவு தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது கசிவு. விநாடிக்கு ஒரு சொட்டு என்பது மணிக்கு சுமார் 180 மில்லிலிட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரியில் லிட்டருக்கு 16 தரும் கார் குடிப்பதே மணிக்கு இரண்டரை லிட்டர்தான். ஆக அந்த ஒரு சொட்டு 7 சதவீதம். என் 2003 ஆம் ஆண்டு வண்டியில் மைலேஜ் 15 இலிருந்து 13.5க்கு விழுந்தபோது இரண்டு மாதம் டீசலைத்தான் சந்தேகித்தேன். இன்ஜெக்டர்களுக்கு இடையே ஓடி, மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸை டார்ச் அடித்துப் பார்த்தபோது அதன் துணி உறை முழுக்க வியர்த்தாற்போல் நனைந்திருந்தது. எந்திரச் சூட்டில் கசிந்தது உடனுக்குடன் காய்ந்துவிட்டதால் தரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. சில நூறு ரூபாய் ஹோஸ் மாற்றியதும் பழைய மைலேஜ் திரும்பிவிட்டது.

காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் வண்டி எடுக்கிறது என்றால் எங்கோ ஏர் இழுக்கிறது. வடிகட்டிக்குப் பிறகு ஒரு சாண் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது தெரியும். வேகம் கூட்டும்போது இழுவை செத்துப்போனால் ஃபில்டர் அடைப்பு. கறும்புகை அதிகமானால் இன்ஜெக்டர் முனையையோ ஏர் ஃபில்டரையோ பாருங்கள், ஏனென்றால் பயோடீசலிலுள்ள ஆக்சிஜன் கறும்புகையைக் குறைக்கவே செய்யும். கலவைக்கு மாறிய பின் புகை கூடினால் காரணம் கலவை அல்ல. பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா என்று சிறிது தூரம் ஓட்டியபின் சக்கரங்களின் மையத்தில் கை வைத்துப் பார்ப்பதும் அவசியம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், கடைசி மூன்று டேங்கைப் பழைய டீசலில் ஓட்டுங்கள். ஒன்றரை, இரண்டு சதவீதம் திரும்பி வந்தால் அதுதான் கலவையின் பங்கு. ஒன்றுமே திரும்பி வரவில்லை என்றால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பம்ப் மெக்கானிக்கிடம் போங்கள். ஒன்பது டேங்கின் எண்களை வரிசையாகப் பார்த்தால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.