சதுரங்கக் குறிப்புகளை அவிழ்க்கும் முறை: கிரிப்டிக் குறுக்கெழுத்துக்கு ஒரு வழிகாட்டி

கிரிப்டிக் குறுக்கெழுத்தின் குறிப்பு ஒன்றில் ராஜா, குதிரை, யானை என்ற சொற்கள் வந்துவிட்டால், அது சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு உரியது என்று எண்ணி, மொரிஷியஸில் தமிழ் படிக்கும் பலர் அதைத் தொடாமலே அடுத்த குறிப்புக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இத்தகைய குறிப்பில் முதலில் ஏமாறுகிறவர் பெரும்பாலும் ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர்தான். புதிர் அமைப்பவர் பலகையை விரித்து, காய்களை அடுக்கி, ஓர் ஆபத்தான நிலையையும் காட்டி நம் கவனத்தை அங்கே நிறுத்திவிட்டு, எழுத்துகளை வேறோர் இடத்தில் நகர்த்துகிறார். எனவே ஆட்டத்தை ஒதுக்கிவிட்டுக் காய்களின் பெயர்களை மட்டும் கையில் எடுத்துக்கொள்வதே இங்கு முதல் வேலை.

ஒரு நேர்மையான கிரிப்டிக் குறிப்பில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடைக்கு நேரான பொருள். மற்றொன்று அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்டும் சொல்விளையாட்டு. நேர்பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும்; நடுவில் நிற்காது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் எத்தனை கட்டங்கள் என்பதைச் சொல்லும். தமிழில் உயிரெழுத்து, உயிர்மெய், புள்ளி வைத்த மெய் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தைப் பிடிக்கும். இதை ஓர் எளிய குறிப்பில் பார்க்கலாம்.

ராஜாவை அடுத்து ஒரு நகரம், கோவில் வாசலில் உயர்ந்து நிற்பது (4)

வாசித்தவுடன் ராஜாவும் அவர் ஆளும் நகரமும் மனத்தில் வந்துவிடும். அந்தக் காட்சியை அழித்துவிடுங்கள். முடிவில் உள்ள 'கோவில் வாசலில் உயர்ந்து நிற்பது' நேர்பொருள். மீதியில் ராஜாவுக்குக் 'கோ' என்றும் நகரத்துக்குப் 'புரம்' என்றும் எழுதினால் கோபுரம் கிடைக்கிறது: கோ, பு, ர, ம் என நான்கு கட்டங்கள். 'அடுத்து' என்ற சொல் இரண்டையும் வரிசையாக வைக்கச் சொல்லும் சைகை. 'ராஜாவை' என்பதில் உள்ள வேற்றுமை உருபு வாக்கியத்தை ஒட்ட வைக்கும் பசை மட்டுமே. விடையில் அதற்கு இடமில்லை. நிறுத்தக்குறிகளும் அப்படியே.

சதுரங்கக் குறிப்புகளின் உயிர்நாடி இந்தப் பெயர் மாற்றத்தில்தான் இருக்கிறது. ராஜா என்றால் கோ, அரசன், மன்னன், வேந்தன், இறை. குதிரை என்றால் மா, பரி, வாசி, புரவி, துரங்கம். யானை என்றால் கரி, வேழம், களிறு. பெண் யானை என்றால் பிடி. சிப்பாய் காலாள் ஆவார், வீரன் ஆவார். இவற்றில் கோ, மா, பரி, கரி ஆகிய நான்கும் ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொற்களாக இருப்பதால் வேறு சொற்களுக்குள் எளிதாகப் புகுந்துகொள்ளும். புதிர் அமைப்பவர்கள் மீண்டும் மீண்டும் தேடிவருவது இவற்றைத்தான். வீட்டில் கிரியோல் பேசி, பள்ளிப் பாடத்திலும் கோவிலில் பாடும் பதிகங்களிலும் தமிழைக் கற்ற நம் தீவினருக்கு இது ஒரு குறை அன்று, பெரிய வசதி. பேச்சுத் தமிழில் வழங்காத 'கோ', 'பரி' போன்ற பழஞ்சொற்களைத்தான் நாம் முதலில் கேட்டிருக்கிறோம்.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. இங்கே பிள்ளைகள் பலருக்குச் சதுரங்கக் காய்கள் பிரெஞ்சுப் பெயர்களிலேயே அறிமுகமாகின்றன: ராஜாவுக்கு ரூவா, ராணிக்குத் தாம், யானைக்குத் தூர், குதிரைக்குக் கவாலியே. மொரிஷியஸ் வாசகர்களுக்காகக் குறிப்பு எழுதுகிறவர் இதைப் பயன்படுத்துவது முழுக்க நியாயமே.

பிரெஞ்சு ராணி, அவர்களே (2)

பிரெஞ்சுப் பலகையின் ராணியும் 'தாம்'; 'அவர்களே' என்ற பொருளில் தமிழில் வரும் சொல்லும் 'தாம்'. இப்படி இரண்டு நேர்பொருள்களை அருகருகே வைத்து, சொல்விளையாட்டே இல்லாமல் முடித்துவிடும் குறிப்புகள் சிறியவையாக இருக்கும். மூன்று நான்கு சொற்களில் ஒரு குறிப்பு முடிந்துவிட்டால் முதலில் இந்த வகையைச் சந்தேகியுங்கள். 'அடுப்பில் வேகும், பலகையில் நகரும் (2)' என்றால் காய்.

அடுத்தது ஒன்றுக்குள் ஒன்றை வைக்கும் வகை. சதுரங்கத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஆட்டத்திலேயே காய்கள் சிக்குகின்றன, சூழப்படுகின்றன, அகப்படுகின்றன.

சூழ்ச்சிக்குள் அகப்பட்ட குதிரை இறுதியாக ஓயும் இடம் (3)

எதிராளியின் பொறியில் மாட்டிய குதிரை பலகையை விட்டு வெளியேறுவதாக இது வாசிக்கப்படும். 'அகப்பட்ட' என்பதைச் சைகையாக எடுத்துக்கொண்டால், சூழ்ச்சி 'சதி', குதிரை 'மா'. சதிக்கு நடுவில் மா புகுந்தால் சமாதி. 'இறுதியாக ஓயும் இடம்' நேர்பொருள். உள்ளே, நடுவே, சூழ்ந்த, விழுங்கிய, முற்றுகையிட்ட போன்ற சொற்கள் வந்தால், எது வெளியில், எது உள்ளே என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலகைக் காட்சியில் சூழ்ந்து நிற்பதாகத் தோன்றும் காய், எழுத்துக் கணக்கில் உள்ளே போக வேண்டியதாகவும் இருக்கலாம்.

வெட்டுவது ஆட்டத்தின் அடிப்படைச் செயல். எனவே எழுத்தை நீக்கச் சொல்லும் குறிப்புகளில் 'வெட்டு' என்ற சொல் அடிக்கடி வரும். 'விலங்கின் தலையை வெட்டினால் பலகையில் பலம் மிக்கவள் (2)' என்பதில் விலங்கு 'பிராணி'. தலையெழுத்தான 'பி' போனால் ராணி. தலை என்றால் முதல் எழுத்து, கடை என்றால் ஈற்றெழுத்து, வயிறு அல்லது இடை என்றால் நடு எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியை இழந்த மகிழ்ச்சி, ஐந்து முறை உலகச் சாம்பியன் (4)

மகிழ்ச்சி 'ஆனந்தம்', அதாவது ஆனந்த் + அம்; ஈற்றில் உள்ள 'அம்' போனால் ஆனந்த். 2000, 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் பட்டம் பெற்ற விஸ்வநாதன் ஆனந்தைத்தான் குறிப்பு சொல்கிறது. விடை தெரிந்த பிறகு எளிதாகத் தோன்றும் இக்குறிப்பு, குறுக்கே செல்லும் சொற்களிலிருந்து கடைசிக் கட்டத்தில் 'த்' விழுந்துவிட்டால் பலரையும் குழப்பிவிடும். தமிழ்ச் சொல் எதுவும் 'த்' என்று முடிவதில்லை என்பதால், குறுக்குச் சொல்லே தவறு என்று நினைத்து அதை அழிக்கத் தோன்றும். அழிப்பதற்கு முன், விடை ஒரு பெயராகவோ பிறமொழிச் சொல்லாகவோ இருக்குமா என்று ஒருமுறை பாருங்கள்.

எழுத்தை முழுவதுமாக நீக்காமல் அதன் உறுப்பை மட்டும் நீக்கும் வழி தமிழுக்கே உரியது. துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு கருவி. இந்த வகையை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இதை வேறு மொழியிலிருந்து இரவல் வாங்க முடியாது.

தேரைக் கொடுத்த வள்ளல் காலை இழந்தால் குதிரை (2)

முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன் பாரி. 'பா' என்ற எழுத்தின் கால் போனால் 'ப'. பாரி பரி ஆகிவிடுகிறான். 'காலை' என்பதை விடியற்காலை என்று வாசித்தவர் எங்கும் போய்ச்சேர மாட்டார். இதே விடைக்கு மற்றொரு வழியும் உண்டு: 'வாதவூரருக்காகத் தலை மாறிய நரி பலகையில் தாவுவது (2)'. மாணிக்கவாசகருக்காக ஈசன் நரிகளைப் பரிகளாக்கிய கதையை அறிந்தவருக்கு, 'ந' போய்ப் 'ப' வந்தது ஒரு நொடியில் புரியும். ஒரே காய்க்கு இரண்டு முற்றிலும் வேறான பாதைகள் இருப்பதால், விடையை ஊகித்துவிட்டாலும் சொல்விளையாட்டு முழுவதும் பொருந்துகிறதா என்று சரிபார்க்காமல் எழுதக் கூடாது.

ஒளித்து வைக்கும் வகையில் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இக்குறிப்பைப் பாருங்கள்.

அழகு திரையில் மின்னினாலும் உள்ளே ஒளிந்திருப்பது எட்டுக் கட்டங்களுக்குத் தாவ வல்லது (3)

முதலிரண்டு சொற்களை இடைவெளி விடாமல் எழுதினால் அ, ழ, கு, தி, ரை, யி, ல். நடுவில் குதிரை நிற்கிறது. பலகையின் நடுப்பகுதியில் நிற்கும் குதிரைக்கு எட்டுக் கட்டங்கள் திறந்திருக்கும் என்பதால் நேர்பொருளும் சரி. இங்கே 'வீட்டுக்குத் திரை' என்று எழுதியிருந்தால் குறிப்பு உடைந்துவிடும். வல்லினம் மிகுந்து இடையில் ஒரு 'த்' வந்து கு, த், தி, ரை என்று நான்கு எழுத்துகள் ஆகிவிடும். ஒற்று மிகாத இடமாகத் தேடி 'அழகு' என்பதை எழுவாயாக வைத்ததில்தான் அமைப்பவரின் உழைப்பு இருக்கிறது. அவிழ்ப்பவருக்கும் இது ஒரு தடயமாகும். ஒரு குறிப்பின் தொடர் சற்று வலிந்து அமைக்கப்பட்டதாகத் தோன்றினால், இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்தை விரலால் மூடித் திறந்து பாருங்கள்.

எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் வகைக்கு, குலைந்த, சிதறிய, கலங்கிய, தடுமாறிய போன்ற சொற்கள் சைகை.

குலைந்த கதியாம், ராணியையே விட்டுக்கொடுப்பது (4)

'கதியாம்' என்பதன் நான்கு எழுத்துகளைக் கலைத்தால் தியாகம். 1851இல் லண்டனில் அடால்ஃப் ஆண்டர்சன் இரண்டு யானைகளையும் ராணியையும் விட்டுக்கொடுத்து வென்ற ஆட்டத்தை நினைத்துக்கொண்டு இதை வாசித்தால் குறிப்பின் அழகு கூடும். ஆனாலும் விடைக்கு அந்த ஆட்டம் தேவையில்லை. கலைக்கும்போது எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதிப் பாருங்கள். வரிசையாக எழுதினால் பழைய சொல்லே கண்ணில் நின்றுகொண்டிருக்கும்.

சற்றுக் கடினமான ஒன்று:

சங்கத்தின் தலையோடு குதிரை சேர்ந்தால் ஆட்டம் (6)

சங்கத்தின் தலை 'ச'. கோ, மா, பரி என்று பழகிய சிறு சொற்களையே முயன்றுகொண்டிருந்தால் ஆறு கட்டங்கள் நிரம்பாது. ஐந்தெழுத்தில் ஒரு குதிரை வேண்டும்: துரங்கம். சேர்த்தால் சதுரங்கம். நான்கு அங்கம் கொண்ட படை என்ற பொருளிலிருந்து வந்த பெயருக்குள் ஒரு குதிரை முழு உருவத்தோடு நிற்பது தற்செயல்தான், ஆயினும் புதிர் அமைப்பவருக்கு அது வரம். கட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு எந்தப் பெயர் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் பழக்கத்தை இக்குறிப்பு கற்றுத்தரும்.

வேலை செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். குறிப்பை ஒருமுறை வாசித்துவிட்டு, முதலிலும் முடிவிலும் உள்ள சொற்களில் எது நேர்பொருளாக இருக்கக்கூடும் என்று மெல்லக் கோடிடுங்கள். பிறகு சைகைச் சொல்லைத் தேடுங்கள். அதன் பிறகே காய்களுக்கு மாற்றுப் பெயர்களை ஓரத்தில் எழுதுங்கள். அப்போதும் விடை கிடைக்கவில்லையென்றால் அடுத்த குறிப்புக்குச் சென்று, குறுக்கெழுத்துகள் சில விழுந்தபின் திரும்பி வாருங்கள். தனித்தமிழ்ச் சொற்கள் ட, ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்குவதில்லை என்பது இந்த நேரத்தில் பெரிய உதவி. முதல் கட்டத்தில் இவற்றில் ஒன்று விழுந்தால் ஏதோ ஓர் இடத்தில் பிழை இருக்கிறது, அல்லது விடை கடன்சொல்.

நம் ஊரில் கிடைக்கும் ஆங்கிலக் குறுக்கெழுத்துகளையும் முயல்கிறவர்கள் இதே முறையைப் பின்பற்றலாம். அங்கே குதிரைக்கு 'என்', ராஜாவுக்குக் 'கே' என்ற சுருக்க எழுத்துகளே கட்டடக் கற்கள். ராஜாவுக்கு லத்தீன் வழியாக 'ஆர்' என்றும் வரும், அதே 'ஆர்' யானைக்கும் வரும். சதுரங்கம், குறுக்கெழுத்து ஆகிய இரண்டு கலைகளுக்கும் வேண்டிய மனப்பழக்கம் ஒன்றே என்பதற்குப் போர்க்காலத்தில் ஒரு சான்று உண்டு. 1942 ஜனவரியில் லண்டனின் டெய்லி டெலிகிராஃப் தன் குறுக்கெழுத்தைப் 12 நிமிடங்களுக்குள் முடிக்கும் போட்டியை நடத்தியது. அதில் தேறிய சிலர் பின்னர் பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதங்களை உடைக்கும் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். ஹியூ அலெக்சாண்டர், ஸ்டூவர்ட் மில்னர்-பேரி, ஹாரி கோலம்பெக் ஆகிய சதுரங்க வீரர்கள் அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

பயிற்சிக்கு மூன்று குறிப்புகள். முதலாவதில் ஒரு பெயரைப் பின்னிருந்து வாசிக்க வேண்டும். இரண்டாவது இரண்டு நேர்பொருள்களால் ஆனது. மூன்றாவதற்கு வேண்டிய இரண்டு எழுத்துகளும் மேலே பலமுறை வந்துவிட்டன.

சிவா திரும்பினால் குதிரை (2)

யானை, அடுப்பில் எரிந்தபின் எஞ்சுவது (2)

ராஜாவும் குதிரையும் பக்கத்தில் நின்றும் நினைவு திரும்பாத நிலை (2)