கோகோபீட் (தென்னை நார்த்தூள்) தொட்டியில் பறக்கும் சின்னக் கறுப்புப் பூச்சியை ஒழிப்பது எப்படி?

எங்கள் வீட்டில் ஜூன் பிறந்ததும் கறிவேப்பிலைத் தொட்டியும் துளசியும் சமையலறை ஜன்னலுக்கு வந்துவிடும். மொரிஷியஸில் அது குளிர்காலம். எங்கள் கியூர்பிப் மேட்டில் இருக்கிற ஊர், விடாத தூறல், இரவில் குளிர் வேறு. கீழே கடலோரத்துப் போர்ட் லூயிஸில் அத்தை வீட்டு வாசலில் மரமாகவே நிற்கிற கரிப்புலே (கறிவேப்பிலைக்கு இங்கே கிரியோலில் அதுதான் பெயர், நம் சொல்தான் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது) எங்கள் பக்கம் தொட்டியில்கூடத் தயங்கித் தயங்கித்தான் தழைக்கும். உள்ளே கொண்டுவந்து இரண்டு வாரம் ஆனதும் தொட்டியைச் சுற்றிப் பூச்சி பறக்க ஆரம்பிக்கும். முந்தின வருடம் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விதை போட்டு முளைத்த 12 கறிவேப்பிலைக் கன்றில் 9 கன்றுகள் வேர் அரிக்கப்பட்டு ஒவ்வொன்றாகச் சாய்ந்த பிறகுதான் இது என்ன பூச்சி, எங்கே வளர்கிறது என்று தேடிப் படித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறக்கிற பூச்சியை எத்தனை அடித்தாலும் இது தீராது. அது வளர்கிற இடம் தொட்டியின் மேல் இரண்டு அங்குல ஈரம். அந்த இரண்டு அங்குலத்தை மாற்றினால் போதும், நான்கு வாரத்தில் பூச்சி போய்விடும்.

முதல் படி: எந்தப் பூச்சி என்று பாருங்கள்

பூஞ்சை ஈ, கடைக்காரர்கள் ஃபங்கஸ் நாட் என்பார்கள். 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், கறுப்பு, கால் நீளம், பார்க்கக் குட்டிக் கொசு மாதிரி இருக்கும், ஆனால் கடிக்காது. நன்றாகப் பறக்கத் தெரியாது, தொட்டியை அசைத்தால் எழும்பி மறுபடி அங்கேயே உட்காரும், கோகோபீட் மேல் ஓடும். வாழைப்பழத்தை மொய்ப்பது பழ ஈ, பழுப்பு உடம்பு, சிவப்புக் கண். குளியலறைச் சுவரில் ரோமத்தோடு உட்கார்ந்திருப்பது சாக்கடை ஈ. அவை இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இரண்டாவது படி: உருளைக்கிழங்குத் துண்டு

வேகவைக்காத உருளைக்கிழங்கை ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, வெட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி கோகோபீட்டில் லேசாக அழுத்தி வையுங்கள். மூன்று நாள் கழித்து எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வெளுத்த உடம்பும் பளபளக்கும் கறுப்புத் தலையும் உள்ள சின்னப் புழு ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். எத்தனை புழு என்று எண்ணி, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். துண்டை அழுக விடக்கூடாது, அழுகினால் அதுவே புழுவுக்குச் சாப்பாடாகிவிடும்.

இந்தப் புழு பூஞ்சையையும் பாசியையும் மக்கினதையும்தான் முக்கியமாகத் தின்னும். எண்ணிக்கை கூடினால் மெல்லிய வேரையும் அரிக்கும், அரித்த புண் வழியாக வேர் அழுகல் நோயும் உள்ளே போகும். பெரிய செடி தாங்கிக்கொள்ளும். நாற்றுதான் தாங்காது.

மூன்றாவது படி: தண்ணீர்

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். கோகோபீட்டில் முதல் முறை செடி வைக்கிறவர்கள் எல்லோரும் (நானும்தான்) செய்கிற தவறு ஒன்று உண்டு. தென்னை நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆனால் மேல் தூள் மட்டும் சீக்கிரம் வெளிறிவிடும். அதைப் பார்த்து "ஐயோ, காய்ந்துவிட்டது" என்று தினமும் ஒரு டம்ளர் ஊற்றுகிறோம். விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் ஒரு அங்குலத்துக்குக் கீழே ஈரம் அப்படியே இருக்கும். பூஞ்சை ஈ முட்டையிடுவது அந்த ஈரத்தில்தான், ஒரு பெண் பூச்சி 200 முட்டை வரை இடும். கியூர்பிப் குளிரில் செடி குடிக்கிற தண்ணீரும் குறைவு, காற்றும் ஈரம், அதனால் போர்ட் லூயிஸில் இரண்டு நாளில் காய்கிற அதே தொட்டி இங்கே ஒரு வாரமானாலும் காயாது. அத்தை சொல்கிற கணக்கை அப்படியே நான் பின்பற்றியதுதான் என் கன்றுகள் போனதற்குக் காரணம்.

கண்ணை நம்பாதீர்கள், எடையைப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்ததும் தொட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைத் தொட்டியிலேயே எழுதிவிடுங்கள். என் 15 சென்டிமீட்டர் தொட்டி நனைந்தால் 1,100 கிராம், 750 ஆனதும்தான் அடுத்த தண்ணீர். தராசு இல்லையென்றால் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், அதுவரை ஈரம் தட்டக்கூடாது. ஆனால் அடி வரை காய விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் கோகோபீட் முழுதாகக் காய்ந்தால் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விழும், ஊற்றுகிற தண்ணீர் அந்த வழியாக ஓடிவிடும், உரத்தின் உப்பும் வேரைச் சுற்றிக் கெட்டியாகும்.

அப்புறம், நான்கு வாரத்துக்குத் தண்ணீரை மேலே ஊற்றாமல் கீழே தட்டில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள். அரை மணி நேரம் கழித்து மீதியைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். தட்டில் நிற்கிற தண்ணீரில் ஏடிஸ் கொசு வளரும், 2006இல் சிக்குன்குனியா இந்தத் தீவை எப்படிப் படுத்தியது என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான்கு வாரம் முடிந்ததும் ஒரு தடவை மேலிருந்து தாராளமாக ஊற்றி வடிய விடுங்கள், கீழிருந்தே உறிஞ்சியதில் மேலே சேர்ந்த உப்பு கழுவிப் போகும்.

நான்காவது படி: சாப்பாட்டை நிறுத்துங்கள்

அரிசி கழுவிய தண்ணீர், வடிகட்டிய தேயிலைச் சக்கை, பால் பாத்திரம் அலம்பிய தண்ணீர், பூஜையில் வாடின பூ, எல்லாவற்றையும் செடிக்குப் போடுவது நம் வீட்டுப் பழக்கம். தோட்டத்து மண்ணில் போடுங்கள், நல்லதுதான், மண்புழுவும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருக்கிற தொட்டியில் இவை பூஞ்சை பிடித்துக் கிடக்கும், பூஞ்சை இருக்கிற இடத்துக்குப் பூச்சி வரும். வேப்பம் பிண்ணாக்கை ஈரத்தின் மேல் தூவினாலும் இதே கதைதான். உதிர்ந்த இலையைப் பொறுக்கிவிட்டு, மேலே பச்சையாகப் பாசி படிந்திருந்தால் அரை அங்குலம் சுரண்டி எடுத்துப் பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போடுங்கள்.

ஐந்தாவது படி: மஞ்சள் ஒட்டு அட்டை

தொட்டிக்கு ஒன்று, கோகோபீட் மட்டத்திலேயே படுக்க வைத்தாற்போல். இந்தப் பூச்சி உயரப் பறக்காது, அதனால் இரண்டடி மேலே தொங்கவிட்ட அட்டையில் அவ்வளவாக விழாது. அட்டை மட்டும் வேலையை முடிக்காது, ஆனால் வாரத்துக்கு எத்தனை விழுகிறது என்று எண்ணினால் குறைகிறதா கூடுகிறதா என்று தெரியும்.

ஆறாவது படி: புழுவைக் கொல்வது

நம்பிக்கையானது பி.டி.ஐ., அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்கிற பாக்டீரியா. கொசுப்புழுவுக்கென்று குருணையாக விற்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி குருணையை அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி (உங்கள் டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்) மேலிருந்து ஊற்ற வேண்டும். மேலே ஊற்றாதீர்கள் என்று சொன்னதற்கு இது மட்டும் விலக்கு, அதனால் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளிலேயே இதை ஊற்றுங்கள். டப்பாவில் பெயரைக் கவனித்து வாங்குங்கள். கம்பளிப்பூச்சிக்கு விற்கிற குர்ஸ்டாக்கி வகை பெயரில் பாதி ஒன்றாக இருந்தாலும் இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது.

ஒரு தடவை ஊற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். இது முட்டையையும் கூட்டுப்புழுவையும் தொடாது. 24 டிகிரி சூட்டில் முட்டை முதல் பூச்சி வரை ஏறக்குறைய 17 நாள், குளிரில் இன்னும் நீளும். வாரம் ஒரு தடவை, நான்கு வாரம்.

பி.டி.ஐ. கைக்கு வரும் வரை மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. இங்கே ஓ ஒக்ஸிஷெனே என்று கேட்டால் தருவார்கள், 10 வால்யூம் என்று போட்டிருப்பதுதான் 3 சதவீதம். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் நுரைக்கும், பட்ட புழு சாகும். முடிக்குச் சாயம் போட விற்கிற 20, 30 வால்யூமை வாங்கிவிடாதீர்கள், வேர் பொசுங்கும். படாத புழு பிழைத்துக்கொள்ளும், நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து சாகும், அதனால் இதை ஓரிரு தடவைக்கு மேல் நான் செய்வதில்லை.

பிரான்சில் இருக்கிற உறவினரிடம் புழுவைத் தின்னும் நூற்புழு பாக்கெட் வாங்கிவரச் சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம். உயிருள்ளதைத் தீவுக்குள் கொண்டுவர அரசாங்க அனுமதி வேண்டும், அந்தச் சட்டம் நம் வயலுக்காகத்தான் இருக்கிறது.

ஏழாவது படி: மேலே ஒரு மணல் போர்வை

காய்ந்த பருமணல் ஒன்றரை சென்டிமீட்டர் பரப்பினால் மேல்பகுதி ஈரமில்லாமல் கிடக்கும், பூச்சிக்கு முட்டையிட இடம் குறையும். கீழிருந்து தண்ணீர் கொடுத்தால்தான் இது பலிக்கும். கடற்கரை மணலைத் தொடாதீர்கள், நம் கடற்கரை மணல் பவளம், சுண்ணாம்பும் உப்பும் சேர்ந்தது, கறிவேப்பிலை மஞ்சளாகிவிடும். 2001இல் லகூன் (கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவே உள்ள கடல்) மணல் எடுப்பதைத் தடை செய்த பிறகு கட்டடத்துக்கு வந்த ராக்சாண்ட், அந்தக் கருங்கல் உடைத்த மணல், இதற்கு நன்றாக இருக்கிறது. சலித்துத் தூசியைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

புதிதாகத் தொட்டி வைக்கும்போது

அழுத்திய கோகோபீட் கட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்து, மூடி, ஆறிய பிறகு பயன்படுத்துங்கள். நனைத்ததில் மிச்சம் இருந்தால் இறுக்கமான மூடியுள்ள வாளியில் வையுங்கள். நான் ஒரு தடவை ஈரமாகவே திறந்து கிடந்த மூட்டையைக் கடையில் வாங்கிவந்து அப்படியே போட்டேன், பத்தாம் நாள் நாற்றுத் தட்டு முழுக்கப் பூச்சி. கடையில் வாங்குகிற செடியையும் மூன்று வாரம் தனியாக வைத்து, பக்கத்தில் ஒரு மஞ்சள் அட்டை வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.

நான்காவது வாரம் மறுபடி உருளைக்கிழங்குத் துண்டு வையுங்கள். அடியில் புழு ஒன்றுமில்லை, அட்டையிலும் ஒரு வாரமாகப் புதிதாக எதுவும் விழவில்லை என்றால் பி.டி.ஐ.யை நிறுத்தலாம். ஒன்றிரண்டு இருந்தாலும் இன்னும் இரண்டு வாரம் தொடருங்கள். எடை பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் எப்போதும் விடாதீர்கள்.