மூலை இடுக்கை அடைத்த விதம்

சிங்கப்பூரில் துவாஸ் பட்டறையில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்கிறோம். 1.2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. மடிப்புகள் சேரும் மூலையில் சின்ன இடுக்கு விழும். அதை அடைக்காவிட்டால் மழைநீர் உள்ளே போய்விடும்.

மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக ஓடிவந்து உருகும் முறை) உருகிய உலோகம் மேடாகக் குவிந்தது, தேய்த்ததும் ஊசித்துளைகள். இரும்புக் கம்பியோடு டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் தீப்பொறி எரிய, கம்பியைக் கையால் ஊட்டும் முறை) வைத்தால் விளிம்பு உருகிப் பின்வாங்கி இடுக்கு பெரிதானது, தகடும் நெளிந்தது. சிலிகோன் சீலன்ட் பூசினால் அதன்மேல் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சுடும் பெயின்ட்) ஒட்டாது.

சரி என்று டிக்கிலேயே சிலிக்கான் வெண்கலக் கம்பிக்கு மாறினோம். அது 1,000 டிகிரியை ஒட்டியே உருகும். இரும்புக்கு ஏறக்குறைய 1,500 வேண்டும். அதனால் விளிம்பு அப்படியே நிற்க, வெண்கலம் இடுக்குக்குள் ஓடிப் பிடித்தது. பின்பக்கம் ஒரு செப்புப் பட்டையை அழுத்தி வைத்தால் ஒழுகாது.

மூன்று மூலைகள் சுத்தம். கீழ் இடது மூலை மட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் நுரைத்தது. கேஸ் அளவு, கம்பி, டங்ஸ்டன் எல்லாம் மாற்றியும் பயனில்லை. உடன் வேலை செய்யும் தம்பிதான், "அண்ணே, பின்னாடி ஃபேன் ஓடுது" என்றார். முன்பக்கம் திரை இருந்தது. ஆனால் அந்த மூலையை ஒட்டிய கேபிள் துளை வழியே காற்று புகுந்து, இடுக்கில் வெளிவந்து, உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் கேஸைக் கலைத்திருக்கிறது.

வெயிலில் ஃபேனை நிறுத்த முடியாது. துளைமேல் ஒரு துண்டுத் தகட்டைக் காந்தத்தால் ஒட்டினோம். அப்புறம் வெளியே சாக்கட்டிக் கரைசல், உள்ளே மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தோம்; ஓட்டை இருந்தால் எண்ணெய் கசிந்து வெளியே தெரியும். மறுநாளும் வெள்ளையில் ஒரு ஈரப்பொட்டு இல்லை. அப்பாடா!